ஒளிரும் எதிர்ப்பொருள்களும் நோயெதிர்ப்புச் செல்லின் அடையாளமும்

ஒரு சொட்டு இரத்தத்தில் இருக்கும் சில லட்சம் வெள்ளணுக்களில் எது எந்த வகையைச் சேர்ந்தது என்பதை எதைக் கொண்டு சொல்வது? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் நான்கு விடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து படிந்திருக்கின்றன. செல்லின் உருவத்தைக் கொண்டு சொல்லலாம் என்பது முதல் விடை. அது செய்யும் வேலையைக் கொண்டு என்பது இரண்டாவது. அதன் மேற்பரப்பில் நிற்கும் புரதங்களைக் கொண்டு என்பது மூன்றாவது. அதனுள் இயங்கும் மரபணுக்களைக் கொண்டு என்பது அண்மையில் வந்தது. இன்றைய ஆய்வகங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆட்சி செய்வது மூன்றாவது விடையே. ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் எதிர்ப்பொருளோடு (ஆன்டிபாடி) ஒளிரும் சாயம் ஒன்றைப் பிணைத்து, அதைச் செல்களோடு கலந்து, அச்செல்களை ஒவ்வொன்றாக லேசர் கதிரின் குறுக்கே ஓடவிட்டு, எது எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்று அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் முறை அந்த விடையின் கருவி.

இந்த முறை எத்தனை வகைக் கேள்விகளுக்குப் பயன்படுகிறது என்பதைத் திருவனந்தபுரம் மாவட்டம் ஒன்றிலிருந்தே ஊகிக்கலாம். பொன்முடி மலையின் அடிவாரத்தில், விதுராவை ஒட்டிய மருதாமலையில் நிற்கும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் (2008-ல் தொடங்கப்பட்ட ஐஸர்) அடிப்படை உயிரியலைக் கற்பித்து ஆராய்கிறது. நகரத்துக்குள் இருக்கும் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம் செல்களைப் பிரித்தெடுக்கும் கருவிகளோடு நோய்களின் உயிரியலை ஆராய்கிறது. 1981-ல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு வரும் இரத்தப்புற்று நோயாளியின் மாதிரி, சிகிச்சை தொடங்குமுன் இதே வகை எதிர்ப்பொருள்களைச் சந்திக்கிறது. மூன்று இடத்திலும் குப்பியின்மேல் எழுதியிருப்பது ஒரே பெயராக இருக்கலாம். ஆனால் அந்த எதிர்ப்பொருளிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றல்ல. செல்களை எண்ணித் தருவதில் மிக உறுதியாக நிற்கும் இம்முறை, செல்லின் இயல்பைச் சொல்லச் சொன்னால் தடுமாறுவது ஏன் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

உருவமும் வேலையும்

1870-களின் இறுதியில் பால் எர்லிக், ஜெர்மானியச் சாயத் தொழில் தந்த அனிலின் சாயங்களைக் கண்ணாடித் தகட்டில் காய்ந்த இரத்தப் பூச்சின்மேல் சோதித்தபோது, வெள்ளணுக்களில் ஒரு பகுதி தம் துகள்கள் ஏற்கும் சாயத்துக்கேற்ப மூன்றாகப் பிரிந்தது: அமிலச் சாயத்தை ஏற்றவை இயோசினோஃபில், காரச் சாயத்தை ஏற்றவை பேசோஃபில், நடுநிலைச் சாயத்தை ஏற்றவை நியூட்ரோஃபில். இன்றைய சாதாரண இரத்தப் பரிசோதனை அறிக்கையிலும் இந்தப் பெயர்களே நீடிக்கின்றன என்பது அந்த விடையின் வலிமையைக் காட்டுகிறது. ஆனால் நிணச்செல்கள், அதாவது லிம்ஃபோசைட்கள், எர்லிக்கின் சாயத்துக்குப் பிடிகொடுக்கவில்லை. உட்கருவே உடல் முழுவதையும் அடைத்துக்கொண்ட சிறு உருண்டைகளாகவே அவை எல்லாம் தெரிந்தன. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அவை உடலில் என்ன செய்கின்றன என்பதே தெளிவாகவில்லை.

அந்தத் தெளிவு நுண்ணோக்கியிலிருந்து வராமல் அறுவைக் கத்தியிலிருந்து வந்தது. கோழிக்குஞ்சின் பர்சா என்னும் உறுப்பை நீக்கினால் அது எதிர்ப்பொருள் உண்டாக்கும் திறனை இழக்கிறது என்று 1956-ல் புரூஸ் கிளிக்கும் உடனுழைத்தவர்களும் காட்டினர். பிறந்தவுடன் தைமஸ் சுரப்பியை இழந்த எலியின் நோயெதிர்ப்பு குலைகிறது என்று 1961-ல் ஜாக் மில்லர் காட்டினார். 1960-களின் இறுதிக்குள், ஒரே மாதிரித் தோன்றும் நிணச்செல்களுக்குள் தைமஸ் வழி வரும் டி செல், எதிர்ப்பொருள் சுரக்கும் மரபில் வரும் பி செல் என இரண்டு குலங்கள் இருப்பது ஏற்கப்பட்டது. அப்போதும் தனி ஒரு செல்லைக் காட்டி அது எந்தக் குலம் என்று சொல்ல எளிய வழி இல்லை. ஆட்டின் சிவப்பணுக்கள் மனிதனின் டி செல்லைச் சுற்றி மலர்போல ஒட்டிக்கொள்ளும் என்ற விந்தையான உண்மையை வைத்து, 1970-களில் அப்படி ஒட்டிய செல்களை எண்ணி டி செல் கணக்கு எடுத்தார்கள்.

வேலையைக் கொண்டு வகைப்படுத்தும் வழி அறிவார்ந்தது. ஏனெனில் உயிரியலில் ஒரு செல் முக்கியமாவது அதன் வேலையால்தான். 1975-ல் அடையாளம் காணப்பட்ட ‘இயல்கொல்லி’ செல்கள், எப்படி இருக்கும் என்று எவருக்கும் உறுதியாகத் தெரியும் முன்பே, முன்பயிற்சி இன்றிப் புற்றுச் செல்களைக் கொல்கின்றன என்பதற்காகப் பெயர் பெற்றவை. ஆனாலும் இவ்வழியில் பெரிய குறை ஒன்று உண்டு. வேலையைச் சோதிக்கச் செல்களை நாள்கணக்கில் வளர்க்கவேண்டும். கிடைப்பது கூட்டத்தின் சராசரி விடை. கூட்டத்துக்குள் எந்தச் செல் அந்த வேலையைச் செய்தது என்பது பெரும்பாலும் மறைந்தே போகிறது.

மூன்று இழைகள் சேர்ந்த கதை

ஒளிரும் எதிர்ப்பொருளின் வரலாற்றை ஒரே நேர்க்கோடாகச் சொல்லும் வழக்கம் பாடநூல்களில் உண்டு. உண்மையில் சாயம், செல்லோட்டம், தூய எதிர்ப்பொருள் ஆகிய மூன்று இழைகள் வெவ்வேறு ஊர்களில், ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்து, 1970-களின் பிற்பாதியில்தான் ஒன்றாக முறுக்கேறின.

முதல் இழை ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் தொடங்கியது. அவர் 1941-ல் எதிர்ப்பொருளோடு பிணைத்த முதல் சாயம் நீல ஒளி தந்தது. திசுக்களும் தாமாகவே நீலமாக ஒளிர்வதால் எது சாயம், எது திசு என்று பிரிக்க முடியாமல், விரைவில் பச்சை ஒளி தரும் ஃப்ளோரெசீனுக்கு மாறினார். திசுவின் சொந்த ஒளிர்வு என்னும் இந்தத் தொல்லை அன்றே தலைகாட்டியதைக் கவனிக்கவேண்டும்; எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது விலகவில்லை.

இரண்டாம் இழை செல்களை ஓடவிட்டு எண்ணுவது. வாலஸ் கூல்டர் 1953-ல் காப்புரிமை பெற்ற முறையில் ஒளிக்கு இடமில்லை. சிறு துளை வழியே செல் கடக்கும்போது மின்தடை மாறுவதை அது எண்ணியது. லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் மேக் ஃபுல்வைலர் 1965-ல், மை தெளித்து அச்சிடுவதற்காக ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் உருவாக்கியிருந்த உத்தியைக் கடன் வாங்கி, செல் அடங்கிய துளிகளுக்கு மின்னூட்டம் கொடுத்து அவற்றை வெவ்வேறு கிண்ணங்களுக்குத் திருப்பிக் காட்டினார். அதே ஸ்டான்ஃபோர்டில் லெனார்ட் ஹெர்சன்பெர்க்கின் குழு 1969-ல் ஒளிர்வைக் கொண்டு செல்களைப் பிரிக்கும் கருவியையும், 1972-ல் லேசர் பொருத்திய வடிவத்தையும் வெளியிட்டது. ஜெர்மனியின் மூன்ஸ்டரில் வொல்ஃப்காங் கோடே 1968-லேயே ஒளிர்வை அளக்கும் வேறொரு கருவியை உருவாக்கியிருந்தார்.

இவ்வளவும் இருந்தும் கருவிக்குத் தகுந்த எதிர்ப்பொருள் இல்லை. முயலின் சீரத்திலிருந்து எடுத்தது பலவகை எதிர்ப்பொருள்களின் கலவை. ஒரு முயல் இறந்தால் அந்தக் கலவையும் அதோடு போயிற்று. ஜார்ஜ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் 1975-ல் கேம்பிரிட்ஜில், எதிர்ப்பொருள் சுரக்கும் ஒரு பி செல்லைச் சாகாத புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை எவ்வளவு வேண்டுமானாலும் தரும் செல்வரிசைகளை உருவாக்கிய பிறகே மூன்றாம் இழை வந்து சேர்ந்தது. 1979-ல் மனித டி செல்களுக்கு எதிரான ஓ.கே.டி. வரிசை எதிர்ப்பொருள்கள் வெளிவந்தன. ‘உதவி’ டி செல்லையும் ‘கொல்லி’ டி செல்லையும் நிறம் பார்த்துப் பிரிப்பது அன்றாட வேலையாயிற்று.

அடுத்து வந்தது பெயர்க் குழப்பம். ஒரே புரதத்துக்கு ஒரு நிறுவனம் ஓ.கே.டி.4 என்றும் இன்னொன்று லியூ-3 என்றும் எதிர்ப்பொருளை விற்றன. 1982-ல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பயிலரங்கு, பல ஆய்வகங்களின் எதிர்ப்பொருள்களைப் பெயர் மறைத்து ஒரே செல்களில் சோதித்து, ஒரே பாங்கில் ஒட்டியவற்றை ஒரே எண்ணின் கீழ்த் தொகுத்தது. சி.டி.3, சி.டி.4, சி.டி.8 என்ற எண்வரிசை அவ்வாறு பிறந்தது. 2014-ல் நடந்த பத்தாம் பயிலரங்கையொட்டி வரிசை சி.டி.371 வரை நீண்டது. இந்த எண்கள் புரதங்களுக்குத் தரப்பட்டவை, செல்களுக்கு அல்ல. ‘சி.டி.4 செல்’ என்ற பேச்சு வழக்கு அந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது. மனிதரின் மோனோசைட் என்னும் பெருவெள்ளணுவிலும் சி.டி.4 குறைந்த அளவில் இருப்பதால், சி.டி.3-ம் சி.டி.4-ம் ஒன்றாக இருந்தால் மட்டுமே உதவி டி செல் என்று ஆய்வகங்கள் எண்ணுகின்றன.

கருவியின் செயல்முறை எளிதில் விளங்கக்கூடியது. செல் கலந்த நீர்மத்தைச் சுற்றி வேகமாக ஓடும் இன்னொரு நீர்மம் அதை மெல்லிய இழையாக நெருக்க, செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசரைக் கடக்கின்றன. முன்னோக்கிச் சிதறும் ஒளி செல்லின் பருமனையும், பக்கவாட்டில் சிதறும் ஒளி உள்ளே இருக்கும் துகள்களின் அடர்த்தியையும் உத்தேசமாகச் சொல்கின்றன. சாயங்கள் உமிழும் ஒளி தனித்தனி உணரிகளுக்குப் போகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் செல்கள் கடந்து, ஒவ்வொன்றும் திரையில் ஒரு புள்ளியாகிறது. புள்ளிக் கூட்டங்களைச் சுற்றிக் கோடு வரைந்து ஒன்றைத் தனியே எடுப்பதை ஆய்வகங்களில் கேட்டிங் என்பார்கள்.

எண்ணும் வேலை: சென்னையும் சி.டி.4-ம்

இம்முறை தன் முழு வலிமையோடு நின்ற இடம் எச்.ஐ.வி. 1981-ன் இறுதியில் அமெரிக்காவில் வெளிவந்த முதல் விரிவான நோயாளி விவரங்களிலேயே, புதிய எதிர்ப்பொருள்களைக் கொண்டு எண்ணியபோது உதவி டி செல்கள் மட்டும் தேய்ந்திருப்பது தெரிந்தது. வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது அந்த சி.டி.4 புரதத்தையே என்று 1984-ல் காட்டப்பட்டபோது, அடையாளமாக மட்டும் கருதப்பட்டது நோயின் வாயிலாகவும் மாறியது. அடையாளப் புரதமும் நோயின் காரணமும் இவ்வளவு நேரடியாகப் பொருந்திய நிகழ்வு நோயெதிர்ப்பியலில் அரிது, சி.டி.4 எண்ணிக்கைக்கு ஏற்பட்ட மதிப்பை மற்ற அடையாளங்களுக்கும் நீட்டுவதில் எச்சரிக்கை தேவைப்படுவது இதனால்தான்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாக 1986-ல் சென்னையில், சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய மாதிரிகளில் கண்டறியப்பட்டது. சோதனை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நடந்தது. 1993-ல் சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையமும், தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையமும் தொடர்ந்து இந்நோயைப் பார்த்தன. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, யாருக்கு மருந்து என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது சி.டி.4 எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 200-க்குக் கீழ் என்பது அக்காலத்து உலக வரம்பு. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 2010-ல் 350-க்கும், 2013-ல் 500-க்கும் ஏறி, 2015-ல் எண்ணிக்கை எதுவானாலும் மருந்து என்ற நிலைக்கு வந்தது. இந்தியா 2017-ல் அதை ஏற்றது.

அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நடந்த விவாதம், எண்ணை எப்படிப் பெறுவது என்பதைப் பற்றியது. ‘இரட்டைக் கருவி’ முறையில் ஃப்ளோ கருவி தருவது சதவீதம் மட்டுமே. மொத்த நிணச்செல் எண்ணிக்கையை வேறோர் இரத்த எண்ணிக் கருவியிலிருந்து எடுத்துப் பெருக்கவேண்டும், அப்போது இரண்டின் பிழைகளும் சேர்ந்தே பெருகும். எண்ணிக்கை தெரிந்த ஒளிர்மணிகளைக் குழாயிலேயே போட்டு, மணிக்கும் செல்லுக்கும் உள்ள விகிதத்திலிருந்து நேரடியாகக் கணக்கிடும் ‘ஒற்றைக் கருவி’ முறை அந்தப் பிழையைக் குறைத்தது, செலவைக் கூட்டியது. செலவைக் குறைக்கத் தென்னாப்பிரிக்காவில் எல்லா வெள்ளணுக்களையும் அடிப்படையாகக் கொள்ளும் சிக்கன வழி ஒன்று உருவாயிற்று. சென்னை ஆய்வாளர்கள் எதிர்ப்பொருள் பூசிய காந்தமணிகளால் செல்களைப் பிரித்துச் சாதாரண நுண்ணோக்கியில் எண்ணும் கைமுறையைச் சோதித்து, ஃப்ளோ முறையோடு ஒப்பிட்டார்கள். ஏழை நாடுகளின் ஆய்வகங்கள் வேறு இடத்தில் உருவான முறையை வாங்கிப் பயன்படுத்தியவை மட்டுமே என்ற பொதுவான எண்ணத்துக்கு இந்தப் பணிகள் இடம் தரவில்லை.

கருவி துல்லியமானபோதும் உடல் துல்லியமாக இருக்கவில்லை. ஒரே ஆளின் சி.டி.4 எண்ணிக்கை காலையில் குறைந்தும் மாலையில் கூடியும் இருக்கும்; பெண்களில் ஆண்களைவிடச் சற்று அதிகம்; சிறு குழந்தைகளில் மிக அதிகமாகத் தொடங்கி வயதோடு இறங்குவதால், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குச் சதவீதமே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. இந்தியரிடையே நடந்த ஆய்வுகள் பல, நலமுள்ள வளர்ந்தோரின் எண்ணிக்கை மேலை நாட்டு அளவுகளைவிடத் தாழ்ந்திருக்கலாம் என்று காட்டின. அப்படியானால் 200 என்ற கோடு இங்கும் அதே ஆபத்தைக் குறிக்கிறதா என்ற கேள்வி எழுந்தது. எல்லோருக்கும் மருந்து என்ற கொள்கை வந்ததும் அந்தக் கேள்வி தீராமலே அவசரத்தை இழந்தது. இன்று சி.டி.4 எண்ணிக்கை, நோய் முற்றியவரைக் கண்டறிந்து சந்தர்ப்பவாதத் தொற்றுகளிலிருந்து காப்பதற்கே மிகுதியும் பயன்படுகிறது. அதற்கும் 200-க்கு மேலா கீழா என்று மட்டும் காட்டும் பட்டைச் சோதனைகள் வந்துவிட்டன.

ஒற்றை அடையாளத்திலிருந்து பாங்குக்கு

இரத்தப்புற்று மருத்துவம் வேறொரு பாடத்தைக் கற்றது. பி செல்லின் அடையாளமாகக் கருதப்படும் சி.டி.19, ஒரு குறிப்பிட்ட மரபணுப் பிறழ்வு கொண்ட மைலாய்டு இரத்தப்புற்றிலும் தோன்றும்; மைலாய்டு அடையாளமான சி.டி.33 சில பி செல் புற்றுகளிலும் தெரியும். எனவே புற்றின் குலத்தை ஒற்றைப் புரதம் தீர்மானிப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் சி.டி.3, மைலோபெராக்சிடேஸ் போன்ற சிலவற்றுக்கு அதிக எடை தந்து, பல அடையாளங்களின் மொத்தப் பாங்கையும் பார்க்கும் முறை நிலைபெற்றது. சிகிச்சைக்குப் பிறகு பத்தாயிரத்தில் ஒரு புற்றுச் செல் எஞ்சியிருந்தாலும் கண்டுபிடிக்க இன்று முயல்கிறார்கள். குழந்தைகளின் எலும்புமச்சை மீண்டு வளரும்போது பெருகும் இயல்பான இளம் பி செல்களும் சி.டி.10, சி.டி.19 இரண்டையும் தாங்குவதால், நோய் திரும்பிவிட்டதென்று அவை ஏமாற்றக்கூடும். இங்கே பிழையைத் தவிர்ப்பது எதிர்ப்பொருளைவிட, இயல்பான வளர்ச்சிப் படிகளை அறிந்த கண்.

சி.டி.19-ஐயே குறிவைத்து அழிக்கும் சிகிச்சைகள் புதிய சிக்கலைக் கொண்டுவந்திருக்கின்றன. மாற்றியமைத்த டி செல்களைக் கொண்டு அப்புரதத்தைத் தாக்கும், இந்தியாவிலேயே உருவான சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. அத்தகைய சிகிச்சைக்குப் பின் திரும்பும் புற்று சில நேரம் சி.டி.19 இன்றியே திரும்புகிறது. மருந்தின் இலக்கும் ஆய்வகத்தின் அடையாளமும் ஒன்றே ஆகும்போது, அடையாளம் காணாமல் போவதை நோய் போய்விட்டதாக எண்ணிவிடக்கூடாது.

நிறங்கள் பெருகியபோது

1970-களில் ஒன்றிரண்டு நிறங்களோடு தொடங்கிய முறை, 2001-ல் பதினொன்றையும், 2004-ல் பதினேழையும், 2020-ல் நாற்பதையும் தொட்டது. 1982-ல் செம்பாசியிலிருந்து எடுத்த ஃபைக்கோஎரித்ரின் என்னும் புரதம் ஒரு திருப்பம். மிகுந்த ஒளி தரும் இதன் எடை, அது ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருளைவிடவும் அதிகம். பின்னர் குவாண்டம் புள்ளிகளும் ஒளிரும் பாலிமர் சாயங்களும் வந்தன.

ஒவ்வொரு சாயமும் அகன்ற நிறமாலையில் ஒளியை உமிழ்வதால், கோலத்தின் அடுத்தடுத்த கட்டங்களில் தூவிய வண்ணப்பொடி எல்லை தாண்டிக் கலப்பதுபோல, ஒன்றின் ஒளி மற்றதன் உணரியில் விழுகிறது. இந்தக் கசிவைக் கணக்கிட்டுக் கழிப்பது காம்பன்சேஷன் எனப்படும். கசிவைக் கழிக்கலாம், கசிந்த ஒளியோடு வந்த அளவைச் சிதறலைக் கழிக்க இயலாது என்பதே இதன் ஆழமான வரம்பு. அதனால்தான் மங்கலான அடையாளத்துக்கு எது ஒளிர்வு, எது வெறுமை என்ற கோட்டைத் தீர்மானிக்க, அந்த ஒரு சாயத்தை மட்டும் விட்டு மற்றெல்லாவற்றையும் சேர்த்த கட்டுப்பாட்டு மாதிரி தேவைப்படுகிறது. ஒரு சில அலைப்பட்டைகளை மட்டும் பாராமல் முழு நிறமாலையையும் பதியும் ஸ்பெக்ட்ரல் கருவிகள் ஒரு வழி; சாயத்துக்குப் பதில் அரிய உலோக ஐசோடோப்புகளைப் பிணைத்துச் செல்லை ஆவியாக்கி நிறை பார்க்கும் மாஸ் சைட்டோமெட்ரி (2009) இன்னொரு வழி. பின்னதில் கசிவு மிகக் குறைவு. ஆனால் வேகம் குறைவு, அளந்த செல் அழிந்துவிடுகிறது. கட்டுரைத் தலைப்புகளில் நிறங்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவதில் விளையாட்டுப் போட்டியின் சாயல் இருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

நிறம் கூடினாலும் பழைய பிழைகள் அப்படியே இருக்கின்றன. இறந்த செல்கள் எந்த எதிர்ப்பொருளையும் பிடித்துக்கொள்ளும்; மோனோசைட்டுகளும் மேக்ரோஃபேஜ்களும் எதிர்ப்பொருளின் வால்பகுதியைப் பற்றும் ஏற்பிகளைத் தாங்குவதால், இலக்குப் புரதம் இல்லாமலே ஒளிரும்; இரண்டு சாயங்களை ஒட்டிச் செய்த இணைச்சாயங்கள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் சிதைந்து, பொய்யான நிறம் காட்டும். பொன்முடியும் அகத்தியமலையும் அடங்கிய மலைத்தொடரின் ஆய்வுகளுக்குத் தனிப் பொருத்தமுடைய தொல்லை ஒன்றும் உண்டு. 1987-ல் காணிப் பழங்குடியினர் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்னும் செடி, பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் ஆய்வுகளின் வழியே ‘ஜீவனி’ என்ற மருந்தாயிற்று. நோயெதிர்ப்பைத் தூண்டும் என்பது அதைப் பற்றிய கூற்றுகளில் ஒன்று. இத்தகைய கூற்று எந்தச் செல், எவ்வளவு, எவ்வளவு காலம் என்று கேட்கப்படும்போதே ஆய்வுக்குரியதாகிறது, அந்தக் கேள்வி ஃப்ளோ கருவிக்குத்தான் வந்து சேரும். ஆனால் பச்சையம் முதலிய தாவர நிறமிகள் லேசரில் தாமாகவே சிவப்பாக ஒளிரக்கூடியவை. எதிர்ப்பொருள் சேர்க்காமல், சாறு மட்டும் இட்ட செல்களை ஓட்டிப் பாராத தாவரச்சாறு ஆய்வின் முடிவை ஏற்கத் தயங்குவதே முறை.

அடையாளமா, நிலையா?

மேற்பரப்புப் புரதத்தைச் செல்வகையாகவே எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு நோயெதிர்ப்பியலிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 1970-களில், நோயெதிர்ப்பை அடக்கும் ‘அடக்கி’ டி செல்கள் என்ற ஒரு வகை உண்டென்றும், எலிகளில் அவற்றின் அடையாளம் ஐ-ஜே என்ற புரதமென்றும் ஏராளமான கட்டுரைகள் வந்தன. 1980-களின் தொடக்கத்தில் அந்த மரபணுப் பகுதியை வரிசையாகப் பிரித்துப் பார்த்தபோது, ஐ-ஜே மரபணுவுக்கு அங்கே இடமே இல்லை என்று தெரிந்தது. அடையாளம் விழுந்ததும் செல்வகையும் சேர்ந்தே விழுந்தது. அடக்கி செல்களைப் பற்றிப் பேசுவதே சில காலம் மதிப்புக்குறைவாயிற்று.

ஆனால் அடக்கும் செயல் பொய்யாக இருக்கவில்லை. ஷிமோன் சகாகுச்சி 1995-ல் சி.டி.25 தாங்கிய டி செல்களை (இன்று ‘கட்டுப்படுத்தும்’ டி செல்கள் எனப்படுபவை) நீக்கினால் எலிகளுக்குத் தன்னெதிர்ப்பு நோய் வருவதைக் காட்டினார். 2003-ல் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு அந்தச் செல்களின் இயக்குநர் என்று நிறுவப்பட்டது. மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோரோடு சகாகுச்சிக்கு 2025-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வெற்றிக்குப் பிறகும் அடையாளச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. சி.டி.25, கிளர்ச்சியுற்ற எந்த டி செல்லிலும் ஏறும். ஃபாக்ஸ்பி3 உட்கருவுக்குள் இருப்பதால் அதைக் காணச் செல்லைத் துளைத்துக் கொல்லவேண்டும். மனிதரில் சாதாரண டி செல்களும் கிளர்ச்சியின்போது சிறிது காலம் அதைத் தாங்கும். சி.டி.127 குறைந்திருப்பது நல்ல மாற்று என்று 2006-ல் காட்டப்பட்டது. அதுவும் கூட்டத்தைச் செறிவாக்குகிறதே ஒழிய, தனிச் செல்லுக்கு உத்தரவாதம் தருவதில்லை. ஆக, முதலில் அடையாளம் தவறி வேலை உண்மையாயிற்று. பிறகு வேலை உறுதியாகியும் அடையாளம் தளர்வாகவே நிற்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பவை உள்ளார்ந்த நிணச்செல்கள். டி, பி, மோனோசைட் முதலிய எல்லாக் குலங்களின் அடையாளங்களும் இல்லாதிருப்பதே இவற்றின் முதல் அடையாளம், எஞ்சியதில் சி.டி.127 முதலியவற்றைத் தேடுகிறார்கள். ஒன்றின் இன்மையால் வரையறுக்கப்படும் வகை, விலக்கும் எதிர்ப்பொருள்களின் பட்டியல் எவ்வளவு முழுமையானதோ அவ்வளவே நம்பகமானது. பட்டியலில் ஒன்று விடுபட்டாலும், அல்லது அந்தச் சாயம் மங்கலாக இருந்தாலும், வேறொரு குலம் புதுக் கண்டுபிடிப்பாக வேடமிட்டு நுழைந்துவிடும்.

இந்த எடுத்துக்காட்டுகளை வைத்து, அடையாளப் புரதங்கள் செல்லின் வகையைச் சொல்வதில்லை, அதன் தற்போதைய நிலையை மட்டுமே சொல்கின்றன என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். இந்த வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதாகத் தோன்றவில்லை. டி செல்லின் ஏற்பியோடு பிரிக்கமுடியாமல் பிணைந்திருக்கும் சி.டி.3-ஐயும், கிளர்ச்சிக்குச் சில மணி நேரத்தில் ஏறிப் பின் இறங்கும் சி.டி.69-ஐயும் ஒரே தட்டில் வைக்க இயலாது. அடையாளங்களை அவற்றின் வேலையோடு சேர்த்துத் தரம் பிரிப்பதே பயனுள்ள வழி. எண்வரிசை அந்தத் தரவேற்றுமையைக் காட்டுவதில்லை என்பதே குறை.

கோட்டை வரைவது யார்?

ஒரே தரவுக் கோப்பைப் பல ஆய்வகங்களுக்குக் கொடுத்தால் வேறுவேறு சதவீதங்கள் திரும்பி வருவதும், அந்த வேறுபாட்டில் பெரும்பங்கு கேட்டிங்கால் நேர்வதும் பலமுறை கவனிக்கப்பட்டவை. கணினியே கூட்டங்களைப் பிரிக்கும் முறைகள் இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுகின்றன. அவை மனிதக் கையின் நடுக்கத்தை நீக்குகின்றன. ஆனால் எத்தனை கூட்டங்களாகப் பிரிப்பது என்ற முடிவை மென்பொருளின் அளவுருக்களுக்குள் இடம் மாற்றிவைக்கின்றன. அழகான இருபரிமாணப் படத்தில் தீவுபோலத் தனித்து நிற்கும் கூட்டம், உண்மையில் ஒரு தொடர்ச்சியின் நடுத்துண்டாகவும் இருக்கலாம்.

நான்காம் விடையாகிய ஒற்றைச்செல் ஆர்.என்.ஏ. வரிசையாக்கம், ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒருசேரப் பார்த்து, ஆய்வாளர் முன்கூட்டித் தேர்ந்தெடுத்த அடையாளங்களின் சிறையிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அதன் குறை விரைவில் தெரிந்தது: மரபணுச் செய்தியின் அளவும் மேற்பரப்புப் புரதத்தின் அளவும் ஒத்துப்போவதில்லை, சி.டி.4-ன் செய்தியே பல உதவி செல்களில் அகப்படாமல் போகிறது. 2017-ல் வந்த சைட்-செக் முறை எதிர்ப்பொருளில் சாயத்துக்குப் பதில் டி.என்.ஏ. குறிச்சீட்டைக் கட்டி, புரதத்தையும் மரபணுச் செய்தியையும் ஒரே செல்லில் படித்தது. எதிர்ப்பொருளைக் கடந்துபோக வந்த முறை எதிர்ப்பொருளையே துணைக்கு அழைத்துக்கொண்டது கவனிக்கத்தக்கது.

தீராதவை

எண்ணும் பணியில் இம்முறை ஏறத்தாழத் தீர்வு கண்டுவிட்டது. எஞ்சியிருப்பவை விலை, குளிர்ச்சங்கிலி, ஆய்வகங்களுக்கிடையிலான ஒப்பீடு ஆகிய நடைமுறைச் சிக்கல்கள். இரத்தப்புற்றில் பாங்கைப் படிக்கும் முறை நம்பகமானது. இலக்கு நோக்கிய சிகிச்சைகள் அதன் அடையாளங்களையே கலைப்பதால் தொடர்ந்து புதுப்பிக்கப்படவேண்டியது. கட்டுப்படுத்தும் டி செல்களும் உள்ளார்ந்த நிணச்செல்களும் போன்ற வகைகளில், ஒளிர்வை மட்டும் வைத்துச் சொல்லப்படும் முடிவுகளை, வேலையைச் சோதிக்கும் ஆய்வு ஒன்றாவது துணைநிற்கும் வரை, இடைக்கால முடிவுகளாகக் கொள்வதே தகும்.

எதிர்ப்பொருள்களின் தரம் இன்னொரு திறந்த கேள்வி. ஒரே பெயரில் வெவ்வேறு நிறுவனங்கள் விற்பவை ஒரே இடத்தில் ஒட்டுவதில்லை என்ற முறையீடு வலுத்து, அமைப்பு வரிசை தெரிந்த, மரபணுவிலிருந்து உருவாக்கிய எதிர்ப்பொருள்களை மட்டும் பயன்படுத்தவேண்டும் என்று 2015-ல் ஆய்வாளர்கள் பலர் கூட்டாகக் கோரினர். விலையும் பழக்கமும் அந்த மாற்றத்தைத் தாமதப்படுத்துகின்றன. இந்திய ஆய்வகங்களைப் பொறுத்தவரை இவற்றைவிட நெருக்கமான இடைவெளி ஒன்றுண்டு. சி.டி.4-க்கு அப்பால், இயல்கொல்லி செல், நினைவு டி செல், கட்டுப்படுத்தும் டி செல் முதலியவற்றின் இயல்பான அளவு, தொற்றும் ஊட்டமும் வாழிடமும் வேறுபடும் மக்களிடையே வயதுவாரியாக எவ்வளவு என்பதற்கு, பல மையங்களில் ஒரே முறையில் திரட்டிய பெரிய அளவிலான அடிப்படைத் தரவு தேவை. அது இல்லாதவரை, நாற்பது நிறக் கருவி தரும் எண்ணையும் பிற நாட்டவரின் இயல்பளவோடு ஒப்பிட்டே ‘குறைவு’ என்றோ ‘மிகை’ என்றோ எழுதவேண்டியிருக்கும்.